கிடங்குக் கூரைக்கு எத்தனை சுருள் தார் ஷீட்?

ஐப்பசி மழையும் தீபாவளிச் சரக்கும் ஒன்றாகவே வருகின்றன. கூரை ஒழுகினால் சர்க்கரை கரையும், பருப்பு பூசணம் பூக்கும். ஓடு மாற்றும்போதே அடிப்பலகை மேல் தார் ஷீட் விரிப்பது நமக்கு நல்லது. ஆனால் தரையை அல்ல, சரிவை அளந்தே வாங்க வேண்டும்.

இருபுறச் சரிவுக் கூரை. இறவாரம் உட்பட அகலம் 8 மீட்டர், நீளம் 10, இறவாரத்திலிருந்து முகட்டு உயரம் 3 என்போம். தரைக்கணக்கு 80 சதுர மீட்டர். சரிவோ பக்கத்துக்கு 5 மீட்டர். ஆகவே கூரைக்கணக்கு 100.

சுருள் 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். கீழிருந்து மேலாக, ஒன்றின் மேல் ஒன்று 10 செ.மீ. ஏற விரித்தால், 5 வரிசை மூடுவது 4.6 மீட்டரே. மீதிக்கு அரைச் சுருள். இருபுறமும் 11, முகட்டுக்கு 1, ஆக 12. தரையை அளந்து 8 வாங்கினால் மழை நாளில் நாம்தான் அலைய வேண்டும்.