தட்டில் சிவப்பு, உள்ளே ஊதா

கரங்கான் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: கூலிம் பேரங்காடியில் நல்ல சிவப்பாக இருக்கிறதே என்று ஆட்டிறைச்சித் தட்டு ஒன்றை வாங்கினாராம். வீட்டில் பிரித்தால் துண்டுகள் ஒட்டியிருந்த இடமெல்லாம் பழுப்பு. பழைய இறைச்சியை அடியில் வைத்து ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றியும் இருக்கலாம். ஆனால் அந்தப் பழுப்பு மட்டும் அதற்குச் சாட்சியாகாது.

இறைச்சியின் நிறம் இரத்தத்தால் வருவதல்ல. அது அறுக்கும்போதே பெரும்பாலும் வடிந்துவிடும். தட்டின் அடியில் தேங்கும் சிவப்பு நீரும் இரத்தமல்ல. தண்ணீரும் மயோகுளோபின் என்ற புரதமும்தான். இந்தப் புரதத்தைப் பால்மரத்தில் கட்டிய மங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேரும் ஆக்சிஜனைத் தசைக்குத் தேவைப்படும்வரை ஏந்திக்கொண்டிருப்பது அதன் வேலை. காலி மங்கு ஊதா, நிறைந்த மங்கு செக்கச் சிவப்பு, மழை விழுந்து கெட்ட மங்கு பழுப்பு. கெட்டதில் உள்ள இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்திருக்கும். அது இனி ஆக்சிஜனைப் பிடிக்காது. மங்கு துடைக்கும் பிள்ளைகளைப் போல, அதைச் சீராக்கத் தசைக்குள் என்சைம்கள் உண்டு. அறுத்த பிறகும் சில நாள் துடைக்கும். சம்பளம் தீர்ந்ததும் வீட்டுக்குப் போய்விடும். (தோட்டத்தில் மங்கு துடைத்த பிள்ளைகளுக்கு எந்தத் துரை சம்பளம் கொடுத்தான் என்று கேட்காதீர்கள். உவமை அங்கே உடைகிறது.)

வரலாறும் கொஞ்சம் வேண்டுமாம். அணு அணுவாக உருவம் கண்டறியப்பட்ட முதல் புரதம் இதுதான். ஜான் கென்ட்ரூ அதற்காக 1962இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் எடுத்துக்கொண்டது திமிங்கில இறைச்சி. மூச்சடக்கி நெடுநேரம் முழுகும் பிராணிக்கு மங்கு நிறைய வேண்டுமே. போதும்.

வேடிக்கை இனிமேல்தான். ஆக்சிஜன் அறவே இல்லையென்றால் இறைச்சி ஊதாவாகவே கிடக்கும். தாராளமாக இருந்தால் சிவக்கும். அரைகுறையாக இருந்தால்தான் பழுப்பு விரைந்து ஏறும். தடித்த துண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: வெளியே சில மில்லிமீட்டர் சிவப்பு, நடுவில் ஊதா, இரண்டுக்கும் இடையில் மெல்லிய பழுப்புக் கோடு. நாளாக ஆக அந்தக் கோடு தடித்து மேலேறுகிறது. மேற்பரப்பில் பழுப்பை நாம் பார்க்கும்போது அது உள்ளே பல நாளாக இருந்திருக்கும். வாசகியின் துண்டுகளில் நடந்ததும் இந்த அரைகுறை ஆக்சிஜன் வேலைதான். ஒட்டிய இடத்தில் சிக்கிய கொஞ்சக் காற்றையும் இறைச்சியே குடித்துவிட்டு அரைப்பட்டினியில் கிடந்திருக்கிறது.

வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். சில பொட்டலங்களில் 80 விழுக்காடு ஆக்சிஜனை அடைக்கிறார்கள். கோடு ஆழத்துக்குத் தள்ளப்பட்டு, சிவப்பு கூடுதல் நாள் நிற்கும். அதே ஆக்சிஜன் கொழுப்பைச் சிக்கெடுக்க வைக்கும், இறைச்சியையும் கடினமாக்கும். அமெரிக்காவில் துளி கார்பன் மோனாக்சைடு சேர்க்க அனுமதி உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அந்தச் சிவப்பு, இறைச்சி கெட்ட பிறகும் கெடாது. இளஞ்சிவப்பு விளக்கு போட்ட அடுக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துண்டை வேறு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

பிறகு எதைப் பார்ப்பது? தட்டில் நீர் தேங்கியிருக்கக் கூடாது. விரலில் பிசுபிசுப்பு ஒட்டக் கூடாது. நம் பேரங்காடிகளில் ஆட்டிறைச்சி பெரும்பாலும் இறக்குமதி, அதிலும் உறைந்து வருவது அதிகம். பொட்டலத்தின் ஒரு மூலையில் சிவப்புப் பனிக்கட்டி உறைந்திருந்தால் வழியில் ஒருமுறை இளகியிருக்கிறது என்று பொருள், வைத்துவிடுங்கள். வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த திட்டுகளால் ருசி போகும், உடம்புக்குக் கேடில்லை. கருஞ்சிவப்பென்றால் அநேகமாக வயதான ஆடு. பிரட்டலுக்கு நெடுநேரம் அடுப்பில் வைக்கப் பொறுமை இருந்தால் வாங்கலாம்.

காற்றை உறிஞ்சி அடைத்த ஊதாப் பொட்டலத்தை முகம் சுளித்துத் தள்ளாதீர்கள். அதுதான் நெடுநாள் தாங்கும். உப்பியிருந்தால் மட்டும் வேண்டாம். பிரித்ததும் லேசாகப் புளித்த வாடை வரும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் திறந்து வையுங்கள்; வாடை போய்ச் சிவப்பும் வந்துவிடும். வாடை போகவில்லையென்றால் ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.