அடோல் பெட்டியும் அரபுக் கம்பனியும்



போன மாதப் பேச்சு முடிந்ததும் ஒரு அம்மா தொலைபேசியில் வந்தார். "சார்ஜாவில இருக்கிற மகன் லீவில வரேக்க அடோல் எண்டு ஒரு காய்ச்சல் குளிசை கொண்டு வந்தவன். பனடோல் இல்லை, அரபு நாட்டு மருந்து. நம்பிக் குடிக்கலாமோ?" என்று கேட்டார். ஒலிபரப்பில் அரை நிமிடத்தில் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல, கணக்காளர். ஆனால் 1990களில் சார்ஜாவில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பனியில் கணக்கு எழுதியவன். இந்தப் பெட்டிகளின் விலைப்பட்டியல்களோடுதான் அங்கே என் பொழுது கழிந்தது.

பனடோல் என்பதும் அடோல் என்பதும் வியாபாரப் பெயர்கள். உள்ளே இருக்கும் மருந்து இரண்டிலும் பரசிற்றமோல்தான். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதை வாசியுங்கள். இதில் ஆபத்தும் ஒன்று உண்டு. இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து, பனடோல் இரண்டு போட்டும் காய்ச்சல் விடவில்லை என்று மேலே அடோல் இரண்டு போடுபவர்கள் இருக்கிறார்கள். அது ஒரே மருந்தை இரட்டிப்பாக எடுப்பது. வளர்ந்தவர்களுக்கே 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் குளிசை 8க்கு மேல் கூடாது. மிஞ்சினால் ஈரல் கெடும்.

இனி அந்தக் கம்பனி. அடோலைச் செய்வது ஜுல்ஃபார். பதிவுப் பெயர் வளைகுடா மருந்துத் தொழிற்சாலைகள். 1980இல் ராஸ் அல் கைமாவில், அப்போதைய ஆட்சியாளர் ஷேக் சக்ர் பின் முகமது அல் காசிமியின் முயற்சியில் தொடங்கியது. ராஸ் அல் கைமாவில் பழைய காலத்தில் இருந்த துறைமுகத்தின் பெயர்தான் ஜுல்ஃபார். இந்து சமுத்திரக் கடலோடிகளுக்கு வழிநூல்கள் எழுதிய இப்னு மாஜித் அந்த ஊர்க்காரர் என்பார்கள். அபுதாபியைப் போல எண்ணெய் கொட்டும் இடமல்ல அது. சீமெந்து, கல், பிறகு தரை ஓடு என்று தொழிலை நம்பிப் பிழைத்த சிற்றரசு. மருந்துக்கு ஐரோப்பாக் கப்பலைப் பார்த்திருந்த நாட்டில் மருந்துத் தொழிற்சாலை கட்டுவது அன்றைக்குத் துணிச்சலான காரியம்.

இந்தக் கம்பனி பெரும்பாலும் புது மருந்து கண்டுபிடிப்பதில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த மருந்துகளைத் தன் பெயரில் செய்கிறது. இந்தியாவின் பெரிய கம்பனிகள் பலவும் அப்படி வளர்ந்தவைதான். இப்படியான தொழிற்சாலைகள் பொதுவாக மூலமருந்தை வெளியிலிருந்து வாங்கி, கலந்து, குளிசையாக அழுத்தி, பெட்டியிலிடும். ஜுல்ஃபார் இதற்கு அப்பால் ஒரு படி போனது இன்சுலினில். 2012இல் ராஸ் அல் கைமாவிலேயே இன்சுலின் மூலப்பொருள் செய்யும் ஆலையைத் திறந்தார்கள். மனித இன்சுலினுக்கான மரபணுவை நுண்ணுயிருக்குள் வைத்து, பெரிய தாங்கிகளில் வளர்த்து, அது சுரப்பதைச் சுத்திகரித்துப் பளிங்காக எடுக்கும் வேலை அது. குளிசை அழுத்துவதோடு ஒப்பிட்டால் பல மடங்கு செலவும் நுட்பமும் வேண்டும். நீரிழிவு மலிந்த வளைகுடாவில் இதற்குச் சந்தை தேட வேண்டியதில்லை.

சந்தை இருந்தாலும் கதவைத் திறப்பவர்கள் அரசாங்கங்கள். வளைகுடா நாடுகளின் சுகாதார அமைச்சுகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து மருந்தைச் சேர்ந்து கேள்விப்பத்திரம் கோரி வாங்குகின்றன. மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். இதை நம் நாட்டில் முன்பே செய்து காட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது, வியாபாரப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரால் வாங்குவதே அவருடைய கொள்கையாக இருந்தது. அந்த அம்மாவின் கேள்விக்கு அவர் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு கணக்காளனாக நான் கவனித்த இன்னொன்று: அரச வைத்தியசாலைக்கு விற்றால் பணம் நிச்சயம் வரும், ஆனால் எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. நான் இருந்த கம்பனியில் இலாபக் கணக்கு நன்றாக இருந்த மாதத்தில் சம்பளத்துக்கு வங்கியில் கடன் எடுத்ததும் உண்டு.

சரி, நம்பலாமா? 2018 இறுதியில் தொடங்கி 2019 வரை, உற்பத்தித் தரநடைமுறைகளில் குறை கண்டு சவூதி அரேபியாவும் அதைத் தொடர்ந்து வேறு சில வளைகுடா நாடுகளும் ஜுல்ஃபார் மருந்துகளை இடைநிறுத்தின. அயல்நாடு, அரபு நாடு, பெரிய வாடிக்கையாளர் என்ற உறவெல்லாம் பரிசோதகரின் கையெழுத்துக்கு முன்னால் நிற்கவில்லை. கம்பனி பெரும் நட்டம் கண்டது. குறைகளைத் திருத்திய பிறகுதான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இதைக் கேட்டு ஒருவர் "பார்த்தீர்களா, கூடாத மருந்து" என்பார். எனக்கு மறுபக்கம் தெரிகிறது. கதவை மூடக்கூடிய அதிகாரி ஒருவர் இருக்கும் சந்தையில் விற்கும் மருந்தை நான் வாங்குவேன். மேற்கத்தைய பெயர் அச்சடித்திருந்தாலும், யார் விற்றது என்று தெரியாத பெட்டியை வாங்கமாட்டேன்.

இன்சுலினுக்கு மட்டும் இந்தத் துணிவு வேண்டாம். பரசிற்றமோலைப் போல அதைக் கடையில் நின்று மாற்ற முடியாது. பெயர் மாறினால் வைத்தியரிடம் கேட்டு, சில நாள் இரத்தச் சீனியைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். அடுத்தது சூடு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத 1990களில் என் பெரியம்மா அதை ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வைத்திருந்தார், அதுவும் கிடைத்த மாதங்களில். ஓகஸ்ட் மாதச் சார்ஜாவில் பூட்டிய காருக்குள் அரை மணி நேரம் விட்டால் எந்தப் பானையும் உதவாது. கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கும், ஊசி போட்டும் சீனி இறங்காது. விமானத்தில் கொண்டு வருகிற பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: வைத்தியரின் துண்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். பொதிகள் ஏற்றும் அடித்தட்டில் அது உறைந்து போகலாம். உறைந்த இன்சுலினை, உருகிய பிறகும் பாவிக்கக் கூடாது.