வெள்ளை போர்டில் ஒரு குற்றாலச் சவாரி

சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி ரயில் நிலைய வாசலில் கார்களுக்குக் குறைவிருக்காது. "மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், மூணையும் பாத்துட்டு சாயங்காலம் வந்துரலாம் அண்ணாச்சி" என்று ஒருவர் கூப்பிடுவார். வாடகையைப் பேரம் பேசுவோம். ஏசி உண்டா என்று கேட்போம். நம்பர் பலகை என்ன நிறம் என்று அநேகமாக யாரும் பார்ப்பதில்லை.

மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு ஓடும் வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஓட்டுநர்கள் பேச்சில் இவை டி போர்டு, ஓன் போர்டு.

டி போர்டுக்காரருக்குச் செலவும் அலைச்சலும் அதிகம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவுப்படி அவருக்கு பெர்மிட் வேண்டும். புது வண்டி என்றால் எட்டு வருடம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, அதன்பின் வருடந்தோறும். இன்சூரன்ஸ் பிரீமியமும் கூடுதல். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களை ஏற்றிக்கொண்டு புளியரை தாண்டிக் கேரளத்தின் ஆரியங்காவுக்குப் போவதென்றால், அகில இந்திய சுற்றுலா பெர்மிட் எடுத்திருக்க வேண்டும். 2023-இல் வந்த விதிகளின்படி அதை ஆன்லைனிலேயே வாங்கலாம். அது இல்லாதவர் தற்காலிக ஸ்பெஷல் பெர்மிட் போட்டு, கேரளத்துக்கு வரியும் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஓன் போர்டுக்காரருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அதனால் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்டாலும் அவருக்குக் கட்டும். டி போர்டு ஓட்டுநர்கள் வயிறெரிவது இதனால்தான்; அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டிப் பிடிபட்டால் 192-ஏ பிரிவில் பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. வண்டியைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் "சொந்தக்காரங்க, அருவி பாக்கப் போறோம்" என்று பயணிகளே சொல்லிவிட்டால் சோதிப்பவர் என்ன செய்வார்?

விபத்து நடந்தால்தான் கதை மாறும். சொந்த உபயோக பாலிசியில் வாடகை ஓட்டம் சேராது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படை விதிமீறல் என்று 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது அதன் முடிவு. கார் ஒன்றே பிழைப்பு என்றிருப்பவர் வீட்டை விற்கவும் நேரலாம்.

ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் நிம்மதி கிடைத்திருக்கிறது. பேட்ஜ் என்ற தனி அனுமதி இல்லாமல் டாக்சி ஓட்டலாமா என்ற பழைய வழக்குக்கு, 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு விடை சொன்னது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை ஓட்ட இலகுரக வாகன உரிமமே போதும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, தலைக்கு இவ்வளவு என்று ஆள் ஏற்றுவது. மஞ்சள் போர்டேயானாலும் டாக்சிக்குக் கிடைப்பது ஒப்பந்த ஊர்தி பெர்மிட். முழு வண்டியையும் ஒருவரோ ஒரு குழுவோ பேசி அமர்த்த வேண்டும். வழியில் கைகாட்டுகிறவரை ஏற்றி இறக்கினால் அது பஸ்ஸின் வேலை; பெர்மிட் மீறல். சீசன் நெரிசலில் குற்றாலம் சாலையில் இதைப் பார்ப்பவர்கள் யாரும் குற்றமென்று எண்ணுவதில்லை.

இத்தனைக்கும் நடுவே, சவாரி பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்கும் டிராவல்ஸ்காரர் யார் கண்ணிலும் படுவதில்லை. லண்டனில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓட்டுநர், வண்டி, நடத்துபவர் மூவருக்கும் தனித்தனி உரிமம். நம் சட்டத்திலும் 93-வது பிரிவு, வாடகை வண்டிக்கு ஆள் பிடிக்கும் முகவர் உரிமம் பெற வேண்டும் என்கிறது. 2019 திருத்தம் செயலி நிறுவனங்களையும் அதில் சேர்த்தது. சிக்குகிற ஓன் போர்டுக்காரரிடம் அபராதம் வாங்குவதோடு, அவருக்குச் சவாரி கொடுத்தது யார் என்றும் அதிகாரிகள் கேட்கத் தொடங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இந்தச் சீசனில் காரில் ஏறுமுன் பலகையைப் பாருங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும்.