தோணி கற்பிக்கும் மனைநூல்

கடற்கரையில் உணவகம் அமைப்போர் சுவரில் நங்கூரமொன்றைத் தொங்கவிட்டு, கூரையடியில் பழைய வலையை விரித்து, அவ்வளவிலேயே ஊரின் கடல் மரபைப் போற்றிவிட்டதாகத் திருப்தியடைவதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். முத்துக்குளிப்பாலும் சங்காலும் பெயர்பெற்று, 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதனால் சரித்திரத்தில் நிலைபெற்ற அவ்வூரில், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற பாய்மரத் தோணிகளைக் கட்டிய தச்சர்களின் வித்தையே கட்டடச் சிற்பி முதலில் பயில வேண்டிய சாஸ்திரம். ஏரா எனப்படும் அடிமரத்தை நீளக் கிடத்தி, அதன் இருமருங்கும் வங்குகளை விலா எலும்புகள்போல் வளைத்து நிறுத்தி, பலகை தைத்து, இடுக்குகளில் பஞ்சடைத்துக் கலப்பற்றுச் செய்வது அவர்கள் முறை. உணவுக்கூடத்தின் கூரையைக் கவிழ்த்த தோணியாகவே பாவித்து அத்தகைய மரவளைவுகளால் தாங்கச் செய்தால், நடுவில் ஒரு தூணும் குறுக்கிடாமல் உண்போர் கண்ணுக்குக் கடல் முழுவதும் புலப்படும்.

காற்றையும் கடலோடிகளின் பாஷையிலேயே அறிய வேண்டும். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், வடக்கே வாடை, தெற்கே சோழகம். கொண்டலுக்குத் தாழ்வாரத்தைத் திறந்துவைத்து, தென்மேற்குப் பருவத்தில் புழுதியை வாரிவரும் கச்சானுக்குக் கனத்த சுவரால் முதுகு காட்டுவதே விவேகம். உப்புக்காற்றோ கான்கிரீட்டினுள் நுழைந்து இரும்புக் கம்பியைத் துருவாக்க, துரு பருத்துக் காரையைப் பிளந்துவிடும். ஆகையால் கம்பி வேண்டாத இடங்களில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் முற்றிய மரமும் உத்தமம்.

ஒரு விஷயத்தில் மட்டும் முன்னோரைப் பின்பற்றலாகாது. அக்கடற்கரையில் முற்காலத்தில் பவளப்பாறையை வெட்டி வீடு கட்டியதுண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், பவளத்தைத் தொடுவது சட்டவிரோதம் மட்டுமன்று, மீன்களின் பிறப்பிடத்தையே அழிக்கும் பாதகமுமாகும்.

கடலோர நிலத்தில் கட்டுவதற்கென்று ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. மனை வாங்குமுன்னரே அவற்றை விசாரித்தறிதல் வேண்டும். விதிகளின்படி அனுமதி கிடைத்தபோதிலும், வள்ளங்கள் கரையேறவும் வலைகள் உலரவும் மீனவர்கள் தலைமுறைகளாகப் புழங்கிவரும் மணற்பரப்பை, விருந்தினரின் காட்சி இன்பத்துக்காக வேலியிட்டு அடைத்துவிடாதீர்கள்.