பங்கேட்டில் ஏறாத பெயர்கள்

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவை பீரங்கியும் விமானமும் படைவீரருமே. ஆயினும், போர்க்களத்திற்கு அப்பாலும் அடுப்பு எரிந்தாக வேண்டும். தறி ஓடியாக வேண்டும். பிள்ளைகளின் பசி தீர்ந்தாக வேண்டும். ஆடவர் இல்லாத வீட்டில் இவற்றையெல்லாம் நடத்தியவர் யார் என்று வரலாற்று நூல்கள் அதிகமாகக் கேட்பதில்லை.

1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலகப் போரின்போது நம் ஆண்டிமடம் வட்டாரத்துப் பெண்களும், இத்தகைய ஊர்களிலிருந்து கடல் கடந்து சென்ற குடும்பத்துப் பெண்களும் எவ்வாறு ஒருவருக்கொருவர் துணை நின்று வாழ்க்கையைக் காத்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். இது பழங்கதைதானே என்று அங்கத்தினர்கள் ஒதுக்கிவிட வேண்டா. நம் சங்கத்துப் பங்கேட்டோடு இதற்கு நேரான தொடர்பு உண்டு. அதனை இறுதியில் காண்போம்.

கடல் கடந்த உறவு

இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஆண்டிமடம், அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து உடையார்பாளையம் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆட்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி ஒன்று. தஞ்சாவூர், சேலம், தென்னார்க்காடு ஆகியவையும் அவ்வரிசையில் அடங்கும். கங்காணி ஊருக்கு வருவார், முன்பணம் தருவார், ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள முகாமிற்கு அழைத்துச் செல்வார். அங்கிருந்து கப்பலேறிப் பினாங்கு சேர்வார்கள். ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயர் அந்நாளில் சிற்றூர்களிலும் பழகிய பெயர்.

1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இவ்வாறு ஆள் சேர்த்து அனுப்புவதைத் தடை செய்தது. ஆனால் அதற்கு முன்பே பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்திருந்தன. கணவன் அங்கே, மனைவி இங்கே. அண்ணன் அங்கே, தங்கை இங்கே. இரு பாதியையும் பிணைத்து வைத்தவை இரண்டே பொருள்கள்: கடிதம் ஒன்று, மணியார்டர் மற்றொன்று.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மார்ச் 8 அன்று இரங்கூன் வீழ்ந்தது. அவ்வளவில் கடிதமும் நின்றது, பணமும் நின்றது. மூன்றரை ஆண்டுக் காலம் அக்கரையிலிருந்து இக்கரைக்குத் தபால் வரவில்லை. கணவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாமல் பெண்கள் நாட்களைக் கடத்தினர். பூவும் பொட்டும் அணிந்தால் ஊர் ஒன்று சொல்லும். அணியாவிட்டால் தன் மனமே கேளாது.

பொருள் தேடப் பிரிந்து செல்லும் தலைவனும், வீட்டில் காத்திருக்கும் தலைவியும் தமிழிலக்கியத்திற்குப் பழையவர்கள். அப்பாடல்களில் தலைவியோடு தோழி ஒருத்தி எப்போதும் நிற்பதைக் காண்கிறோம். தலைவியின் துயரை அவள் அறிவாள், ஆற்றுவாள், அவளுக்காகப் பிறரிடம் பேசுவாள். போர்க்காலத்து ஊர்த் தெருக்களில் அந்தத் தோழி பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருந்தாள். படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி இருந்தால், அவளே தெருவுக்கெல்லாம் கடிதம் படித்துச் சொல்பவள். இரகசியம் காப்பவளும் அவளே.

நெல்லும் நூலும்

பர்மா வீழ்ந்ததன் விளைவு முதலில் சோற்றுப் பானையில் தெரிந்தது. சென்னை மாகாணம் ஆண்டுதோறும் பர்மா அரிசியை எதிர்பார்த்திருந்தது. அது ஒரேயடியாக நின்று போயிற்று. மண்ணெண்ணெயும் பெரும்பகுதி பர்மாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது, விளக்கும் மங்கிற்று. சில்லறைக் காசு கிடைப்பது அரிதாகி, செம்பை மிச்சப்படுத்த 1943-ல் நடுவே துளையிட்ட காலணா வெளிவந்தது. ‘ஓட்டைக் காலணா’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

நிலக்கடலை பயிரிட்டோர் நிலை அதற்கும் முன்பே தாழ்ந்திருந்தது. சென்னை மாகாணத்துக் கடலைக்கு ஐரோப்பாவில், சிறப்பாகப் பிரான்சு தேசத்தில், பெரிய சந்தை இருந்தது. 1940-ல் பிரான்சு ஜெர்மானியரிடம் வீழ்ந்ததும் அச்சந்தை மூடிற்று; விலை சரிந்தது. எங்கோ ஐரோப்பாவில் ஒரு நகரம் வீழ்ந்தால் நம் புன்செய்க் காட்டில் களை எடுக்கும் பெண்ணின் கூலி குறையும் என்பதைக் குடியானவர்கள் அன்று கண்கூடாகக் கண்டனர். கம்பும் வரகும் கேழ்வரகுமே மக்களைத் தாங்கின. அவற்றை விதைத்துக் களையெடுத்துக் குத்திப் புடைத்து உணவாக்கும் வேலையிற் பெரும்பங்கு பெண்களுடையது. கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாத வீடுகளில் இன்று உன் காட்டில் நான், நாளை என் காட்டில் நீ என்னும் பழைய முறையே கைகொடுத்தது.

உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்து நெசவாளர்க்கோ நூலே பெருங்கவலையாயிற்று. ஆலைகளின் நூலும் துணியும் படைக்கு வேண்டிய காக்கி முதலியவற்றிற்குத் திரும்பின. 1941-ன் இறுதியில் ஜப்பானோடு போர் மூண்டதால் அங்கிருந்து வந்த நூலும் செயற்கைப் பட்டும் நின்றன. நூல் விலை பன்மடங்கு ஏறியது. 1943-ல் அரசாங்கம் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு விதித்து விலையை வரையறுத்தது. 1935-ல் தோன்றியிருந்த சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவும் அதனைச் சார்ந்த ஊர்ச் சங்கங்களின் வழியாகவும் நூல் கிடைத்தமையால், தனித்து நின்ற நெசவாளர் பலர் கூட்டுறவின் பயனை உணர்ந்தது இக்காலத்தில்தான்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டுபவர் ஒருவர். ஆனால் அவர் அமர்வதற்கு முன் எத்தனை வேலை! சிட்டத்தைப் பிரிக்க வேண்டும். ராட்டையில் நூலைச் சுற்ற வேண்டும். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். அறுந்த இழைகளைப் பிணைக்க வேண்டும். விடியற்காலையில் பாவைத் தெருவில் நீள விரித்துக் கஞ்சி தோய்ப்பதற்கு ஒரு வீட்டார் போதார். அண்டை அயலார் எல்லோரும் கை கொடுத்தாலன்றி வெயில் ஏறுமுன் வேலை முடியாது. இவற்றுட் பெரும்பாலான வேலைகளைச் செய்தவர் பெண்கள். செய்து வருபவரும் பெண்களே. நூல் பஞ்சக் காலத்தில் அறுந்த துண்டு நூலையும் வீணாக்காமல் பிணைத்துச் சேர்த்த கை எவ்வளவு மதிப்புடையது! ஆயினும், நூல் வாங்கும் அட்டையில் எழுதப்பெற்ற பெயர் தறிக்குரியவர் பெயரே.

மலேயாத் தோட்டத்தில்

இனி அக்கரைக்குச் செல்வோம். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை 1942-ன் இடைப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். காட்டையும் மலையையும் அறுத்துச் சென்ற அப்பாதைக்கு மலேயாவிலிருந்து 75,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். குறுகிய கால வேலை, நல்ல கூலி என்ற சொல்லை நம்பிச் சென்றோர் சிலர். வலிந்து பிடித்து ஏற்றப்பட்டோர் பலர். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி ஆகியவற்றால் அப்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 என்பது பலரும் எடுத்துக் கூறும் மதிப்பீடு.

ஆடவர் சென்ற பின் தோட்டத்து லயங்களில் எஞ்சியவர்கள் பெண்களும் பிள்ளைகளும் முதியோருமே. ரப்பருக்கு மேனாட்டுச் சந்தை அற்றுப் போனதால் பல தோட்டங்களில் பால்வெட்டு குன்றியது. உண்ணும் அரிசியிற் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த நாடு மலேயா, அதுவும் சுருங்கிற்று. கிடைத்த நிலத்தையெல்லாம் கொத்தி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு உயிர் பிழைத்தனர். துணி கிடையாமையால் சாக்கைக் கிழித்து உடுத்தியோர் உண்டு. நாட்டுக்கெல்லாம் நெசவு நெய்த தமிழ்ச் சாதியின் பெண்கள் சாக்கு உடுத்தினர் என்பதை நெசவாளர் எவரும் எளிதில் மறக்க முடியாது. ஜப்பானியர் வெளியிட்ட ‘வாழைமர நோட்டு’ 1945-ல் வெறுங்காகிதம் ஆயிற்று. பணம் செத்த இடத்தில் பண்டமாற்றும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையுமே நாணயமாக நின்றன.

தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் தோட்டந்தோறும் இருந்தனர். ஒரே கப்பலில் வந்தவள், ஒரே ஊர்க்காரி, அடுத்த கதவுக்காரி என்ற உறவே அவர்களுக்குத் தாயாயிற்று. மரணச் செய்தி எழுத்தில் வந்தவர் சிலரே. திரும்பி வந்த ஒருவன் சொல்ல மற்றவர் மனைவி அறிந்துகொள்வதே பெரும்பாலும் வழக்கு.

அத்தோட்டங்களிலிருந்தே பல பெண்கள் வேறொரு பாதையிலும் புறப்பட்டனர். 1943-ல் சிங்கப்பூரில் அமைந்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். அதில் சேர்ந்த பல நூறு பெண்களிற் பெரும்பாலோர் மலேயா வாழ் தமிழர். பள்ளியிற் படித்த பெண்ணும் கையெழுத்துப் போடத் தெரியாத தோட்டத் தொழிலாளியும் ஒரே கொட்டிலில் உறங்கினர். ஒரே பந்தியில் உண்டனர். அப்படையிற் சேர்ந்தவர்களுள் ஈப்போ நகரைச் சேர்ந்த ராசம்மா நவரத்தினமும் அவர் உடன்பிறந்தாள் பொன்னம்மாவும் அடங்குவர். ராசம்மா பூபாலன் என்று பின்னர் அறியப்பட்ட அவர், 1960-ல் மலாயாவில் பெண் ஆசிரியர் சங்கம் அமைத்து, ஆணுக்கு நிகரான ஊதியம் பெண்ணுக்கும் வேண்டும் என்று போராடினார். போருக்கு முன் தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு கூலி என்றால் பெண்ணுக்கு 40 காசு என்பது வழக்கமான விகிதம். அந்தப் பத்துக் காசின் கணக்கை அவர் மறக்கவில்லை போலும்!

பிற நாட்டிலும் இதே கதை

இங்கிலாந்தில் ஆடவர் படைக்குச் சென்றபோது வயல்களை உழுது பால் கறந்து அறுவடை செய்தவர் ‘பெண்கள் நிலப்படை’யினர். ஒரு கட்டத்தில் அவர்கள் தொகை 80,000-ஐக் கடந்தது. போர் முடியும் தறுவாயில், பிறருக்கு அளித்த ஓய்வுச் சன்மானங்களை அவர்களுக்கு அரசாங்கம் மறுத்தது. அதனைக் கண்டித்து அப்படையின் தலைவி டென்மன் சீமாட்டி 1945-ல் தம் பதவியை விட்டு விலகினார். 2008-ல்தான் உயிரோடிருந்தவர்களுக்கு நினைவுப் பதக்கம் கிடைத்தது. அப்போது அவர்கள் பாட்டிமார்!

கூட்டுறவின் தாயகம் எனப்படும் அந்நாட்டில் 1883-லேயே கூட்டுறவு மகளிர் சங்கம் தோன்றிவிட்டது. கூடையோடு கடைக்கு வரும் பெண் வெறும் வாடிக்கைக்காரி அல்லள், சங்கத்தை நடத்த உரியவள் என்பதே அதன் கொள்கை. உரிமை தானாக வருவதில்லை. பெயரைப் பதிவு செய்து கேட்டவர்க்கே வருகிறது என்பதை இவ்விரு செய்திகளும் நமக்குக் காட்டுகின்றன.

பெயர் எங்கே?

சயாம் நாட்டுக் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் உள்ளது. ஏறத்தாழ 7,000 வீரர்கள் அங்கே உறங்குகின்றனர். பெயர் தெரிந்த ஒவ்வொருவர்க்கும் பெயர் பொறித்த பட்டயம் உண்டு. புல் வெட்டிப் பூச்செடி வளர்த்துப் பேணுகின்றனர். அது முறையே. ஆனால் அவர்களைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாக மாண்ட தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களின் பெயரோ எந்தப் பட்டியலிலும் ஏறவே இல்லை.

இறந்தவர்க்கு நாம் செய்யக்கூடியது சிறிது. உயிரோடிருப்பவர்க்குச் செய்ய வேண்டியது பெரிது. 2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, நாட்டில் நெசவிலும் அதன் துணை வேலைகளிலும் ஈடுபட்டோர் 35 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களில் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேல் பெண்கள். அவ்வாறிருக்க, நம் பங்கேட்டைப் புரட்டுங்கள். பாதிப் பெயராவது பெண்களின் பெயரா? தார் சுற்றும் மனைவியும் பாவு பிணைக்கும் மகளும் ‘வீட்டு உதவி’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள் அல்லவா? முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்ணுக்கும் கடலை பறிக்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும். தறிக்குரியவர் மறைந்த மறுநாள், பங்கும் இல்லாமல் வாக்கும் இல்லாமல் சங்கத்து வாசலில் நிற்பவள் அவளே.

ஆகவே அங்கத்தினர்கள் மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். முதலாவது, வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் ஒரு பங்கேனும் எடுக்க வேண்டும். இரண்டாவது, தார் சுற்றும் கூலியைத் தனியே கணக்கிட்டு அவரவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்தச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். மூன்றாவது, தொண்ணூறு வயதைத் தாண்டிய மூதாட்டி எவரேனும் வீட்டில் இருந்தால், அருகில் அமர்ந்து அக்காலத்தை அவர் சொல்லக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பரணில் பழைய மலேயாக் கடிதமோ மணியார்டர் துண்டோ இருந்தால், கரையானுக்கு விடாமல் எடுத்துக் காக்க வேண்டும்.

கூட்டுறவு என்னும் சொல்லைச் சட்டப் புத்தகத்தில் படிக்காமலே, பாவு விரித்த தெருவிலும் தோட்டத்து லயத்திலும் பெண்கள் அதனை நடத்திக் காட்டிவிட்டனர். பத்திரம் இல்லை, பிணை இல்லை, தலைவர், செயலாளர் இல்லை. ஒருத்தியின் பானையில் இருப்பதில் மற்றவளுக்கும் பங்கு உண்டு என்பது ஒன்றே அவர்கள் வகுத்த விதி. அவ்விதியின்படி நடந்தவர்களின் பேத்திமார் இன்று நம் வீடுகளில் ராட்டை சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவிற்குள் அவர்கள் பெயர்கள் நம் பங்கேட்டில் ஏறட்டும்.