சூதாட்டத்தைச் சட்டம் அனுமதிக்கலாமா?

பணத்தையோ பணமதிப்புள்ள பொருளையோ பணயமாக வைத்து, முன்கூட்டி அறிய முடியாத ஒரு முடிவின் மீது பந்தயம் கட்டுவது சூதாட்டம் எனப்படும். காசு வைத்து ஆடும் தாயமும் சீட்டும், லாட்டரி, குதிரைப் பந்தயம், சேவல் சண்டையில் கட்டும் பந்தயம், கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் என அதன் வடிவங்கள் பல. இவற்றைச் சட்டம் முற்றிலும் தடுக்க வேண்டுமா, கட்டுப்பாட்டுடன் அனுமதிக்க வேண்டுமா, அரசே நடத்தலாமா என்பது பல நாடுகளில் நீண்ட காலமாக நடக்கும் விவாதம். தமிழ்நாடு இந்த மூன்று நிலைகளையும் வெவ்வேறு காலங்களில் கண்டிருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டின் அனுபவத்தைக் கொண்டே இக்கேள்வியைப் புரிந்துகொள்ள முடியும்.

பழைய கவலை

சூதாட்டம் பற்றிய அச்சம் இன்று தோன்றியதன்று. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடி ஒருவனின் புலம்பலாக அமைந்த பாடல் உண்டு. மகாபாரதத்தில் பாண்டவர்கள் நாட்டை இழந்து காடு சென்றது சூதினால்தான். திருக்குறளில் 94ஆம் அதிகாரம் 'சூது'. அதன் முதற் குறள் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை, வெற்றியைப் பற்றியே எச்சரிக்கிறது. சூதில் கிடைக்கும் வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் போன்றது என்பது அதன் கருத்து. சிறிய வெற்றிதான் ஆளை ஆட்டத்தில் நிறுத்தி வைக்கிறது என்று இன்றைய உளவியல் கூறுவதும் இதனோடு ஒத்துப்போகிறது.

ஆட்டத்தின் கணக்கு

எந்தச் சூதாட்டத்தையும் புரிந்துகொள்ள, அதை நடத்துபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சூதாட்ட விடுதிகளில் உள்ள ரூலெட் சக்கரத்தின் ஐரோப்பிய வகையில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. ஒருவர் 37 எண்களின் மீதும் தலா 100 ரூபாய் கட்டுகிறார் என்று கொள்வோம். அவர் கட்டியது 3,700 ரூபாய். வென்ற எண்ணுக்குக் கட்டிய தொகையோடு அதன் 35 மடங்கு சேர்த்து 3,600 ரூபாய் கிடைக்கும். மீதி 100 ரூபாய் விடுதிக்கு. அதாவது கட்டப்படும் பணத்தில் சராசரியாக 2.7 விழுக்காடு விடுதியிடம் தங்கிவிடுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நேர்மையாக நடக்கும் ஆட்டத்திலேயே இப்படித்தான்.

2.7 விழுக்காடு சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஆட்டத்தின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வாரம் ஒரு முறை 50 ரூபாய்க்கு லாட்டரி வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். அந்த லாட்டரியில் பாதிப் பணம் பரிசாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், அவருடைய சராசரி இழப்பு மாதம் ஏறத்தாழ 100 ரூபாய். இனி, கைப்பேசியில் நிமிடத்துக்கு ஒரு முறை 100 ரூபாய் கட்டி, நாள்தோறும் மூன்று மணி நேரம் ஆடுபவரைப் பார்ப்போம். அந்த ஆட்டம் 2.7 விழுக்காடே எடுத்துக்கொண்டாலும் மணிக்கு 162 ரூபாய், மாதத்துக்கு 14,580 ரூபாய் சராசரியாகப் போய்விடும். லாட்டரி பாதியை விழுங்குகிறது, இந்த ஆட்டம் நூற்றில் மூன்று ரூபாயைக்கூட எடுப்பதில்லை. ஆயினும் இரண்டாமவரின் இழப்பு 130 மடங்குக்கும் மேல். ஓர் ஆட்டம் எத்தனை வேகமாகத் திரும்பத் திரும்ப ஆடப்படுகிறது என்பதே அதன் ஆபத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

திறமையா, அதிர்ஷ்டமா

இந்தியச் சட்டம் இந்தச் சிக்கலை வேறொரு கோணத்தில் அணுகியது. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமும், 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டமும், திறமையை மட்டுமே சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தன. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனமாக உள்ளன. அரசுகள் நடத்தும் லாட்டரி மட்டும் ஒன்றியப் பட்டியலில் இடம்பெறுகிறது.

சூதாட்டம் அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உரிய வணிகம் ஆகாது என்று 1957ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. 1968ஆம் ஆண்டு ஆந்திர வழக்கு ஒன்றில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், எதைச் சேர்ப்பது எதைக் கழிப்பது என்று முடிவெடுப்பதற்கும் திறமை வேண்டும் என்பது அதன் காரணம். தமிழ்நாடு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்ததே என்று கூறியதால் கிண்டியில் பந்தயம் தொடர்ந்தது.

1968ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. பணம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து ஆட்டத்தை நடத்தும் மன்றமே இலாபம் ஈட்டினால் அது குற்றமாகலாம் என்றும் நீதிமன்றம் கூறியிருந்தது. இந்த எச்சரிக்கையின் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நான்கு பேர் தலா 1,000 ரூபாயுடன் ரம்மி ஆட உட்காருகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளுக்கு 100 ரூபாய் கட்டு. நடத்தும் நிறுவனம் 400 ரூபாயில் 10 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டு 360 ரூபாயை வென்றவருக்குத் தருகிறது. பத்துச் சுற்று முடிந்ததும் நால்வரிடமும் சேர்ந்து இருப்பது 3,600 ரூபாய்தான். ஐம்பது சுற்று நீடித்தால் அவர்கள் கொண்டுவந்த பணத்தில் பாதி நிறுவனத்திடம் போயிருக்கும். நால்வரும் மிகத் திறமைசாலிகளாக இருந்தாலும் இத்தொகை மாறாது. நால்வரில் யார் அதிகம் இழக்கிறார் என்பதைத்தான் திறமை தீர்மானிக்கும். மொத்தத்தில் எவ்வளவு இழக்கிறார்கள் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

லாட்டரி: இரண்டு மாநிலங்கள், இரண்டு வழிகள்

கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. சீட்டின் விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அதே 1968இல் தமிழ்நாட்டில் அண்ணா தலைமையிலான அரசு பரிசுச் சீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்னும் முழக்கம் அந்நாளில் பட்டிதொட்டி எங்கும் பரவியது. இழக்கும் பணமும் பொதுநலனுக்கே செல்கிறது என்பது அதன் நியாயம்.

காலப்போக்கில் பிற மாநிலச் சீட்டுகளும், ஒரு நம்பர் லாட்டரியும், சுரண்டிப் பார்க்கும் சீட்டுகளும் கடைவீதிகளை நிறைத்தன. காலையில் வாங்கிய கூலி மாலைக்குள் கரையும் நிலை வந்தது. 1998ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு தருவதைத் தடை செய்தது. ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்றும் விதித்தது. ஒரு மாநிலம் பிற மாநிலச் சீட்டுகளைத் தடுக்க விரும்பினால் முதலில் தன் சொந்த லாட்டரியை நிறுத்த வேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா தலைமையிலான அரசு தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது.

கேரளம் நடத்தும் வழியிலேயே நின்றது. அங்கு விற்பனையாளர்களில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பலர். 2011இல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருவாய் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு உதவியது. இவை உண்மையான நன்மைகள். அந்த நிதியில் பெரும்பகுதி வருமானம் குறைந்தவர்களின் சட்டைப்பையிலிருந்து வருகிறது என்னும் விமரிசனமும் அங்கேயே எழுவதுண்டு.

தமிழ்நாட்டிலும் தடையால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கேரளச் சீட்டுகளையும் 'மூன்று நம்பர்' லாட்டரியையும் மறைவாக விற்போர் கைதாகும் செய்திகள் இன்றும் வருகின்றன. எனினும் தெருமுனைதோறும் சீட்டு தொங்கிய காட்சி மறைந்தது. தடை ஆசையை ஒழிக்காவிட்டாலும் வாய்ப்பைக் குறைக்கிறது.

இணைய ஆட்டங்கள்

லாட்டரிக் கடை மூடப்பட்ட சில ஆண்டுகளில் கைப்பேசியே கடையாகியது. இணைய ரம்மியில் பணம் இழந்தவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தொடர்ந்து வந்ததால், தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் செல்லாது என்றது. பின்னர், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று, 2022 அக்டோபரில் சட்டப்பேரவை புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2023 மார்ச்சில் அது மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்ததை ஏற்கவில்லை.

திறமை என்னும் சுவரைத் தாண்ட முடியாத நிலையில், தமிழ்நாடு 2025இல் வேறு வழியில் விதிகளை வகுத்தது. 18 வயதுக்குக் குறைந்தவர் பணம் கட்டி ஆடக் கூடாது, ஆதார் மூலம் அடையாளம் உறுதி செய்யப்பட வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்பன அவற்றுள் சில. இவ்விதிகளை 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆட்டத்தின் பெயரைப் பார்க்காமல் அது ஆடப்படும் முறையைப் பார்த்த விதிகள் இவை.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் அது தடை செய்கிறது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றுள்ளன.

குடும்பத்தில் நடப்பது

சூதாட்டத்தின் பாதிப்பு குடியைப் போல வெளியில் தெரிவதில்லை. நாற்றம் இல்லை, தள்ளாட்டம் இல்லை. முதலில் சேமிப்பு போகும். பிறகு நகை அடகுக்குப் போகும். பிறகு கைமாற்று, கந்துவட்டி, கடன் செயலி. பெரும்பாலும் வீட்டார் அறியும்போது கடன் கைமீறியிருக்கும். 'விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடலாம்' என்னும் எண்ணமே இழப்பை வளர்க்கிறது. முந்தைய தோல்விகளால் அடுத்த சுற்றில் வெற்றி வாய்ப்பு கூடுவதில்லை. 1913இல் மான்டி கார்லோ விடுதியில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று நம்பிக் கட்டியவர்கள் பெரும் பணம் இழந்தனர்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பில் சூதாட்டக் கோளாறு ஒரு நோயாகவே இடம்பெற்றுள்ளது. ஆகவே அடிமையானவரை ஒழுக்கம் கெட்டவர் என்று ஒதுக்குவது தீர்வாகாது. கடன் விவரத்தை வீட்டில் ஒருவரிடமாவது மறைக்காமல் சொல்வதும் மருத்துவ உதவி பெறுவதும் முதற்படிகள். இந்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416இல் கட்டணமின்றிப் பேசலாம்.

இரு தரப்பு வாதங்கள்

அனுமதிக்க வேண்டும் என்போர் மூன்று காரணங்கள் கூறுவர். தம் பணத்தைச் செலவிடுவது வயதுவந்தோரின் உரிமை. தடை செய்தால் ஆட்டம் இருட்டுக்குப் போகும், அங்கே ஏமாற்றப்பட்டவர் புகார்கூடச் செய்ய முடியாது. அரசுக்கு வரியும் பலருக்கு வேலையும் கிடைக்கும்.

தடை கோருவோர் இவற்றுக்கு விடை கூறுவர். அடிமையான மனத்தின் தேர்வைச் சுதந்திரத் தேர்வு என்று சொல்ல முடியாது. இழந்த பணம் ஆடியவருடையது மட்டுமன்று, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதில் இருக்கிறது. மக்கள் இழந்தால்தான் வருவாய் என்னும் நிலை வந்தால், இழப்பைக் குறைக்கும் அக்கறை அரசுக்கே குறைந்துவிடும். இந்த மூன்றாவது விடை, அரசே நடத்தும் லாட்டரிக்கும் பொருந்தும்.

பிற நாடுகளின் வழிகள்

சிங்கப்பூரில் 2010இல் இரண்டு சூதாட்ட விடுதிகள் திறக்கப்பட்டன. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும். அடிமையானவரை உள்ளே விடக் கூடாது என்று குடும்பத்தினரே விண்ணப்பிக்கலாம். நார்வே 2007இல் தனியார் சூதாட்ட இயந்திரங்களை அகற்றியது. பிறகு, இழப்புக்கு உச்சவரம்பு உள்ள அரசு இயந்திரங்களை மட்டும் அனுமதித்தது. பிரிட்டனில் பந்தயக் கடைகளில் இருந்த அதிவேக இயந்திரங்களில் ஒரு முறை கட்டக்கூடிய உச்சத் தொகை 2019இல் 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. சூதாட்டத்தை அனுமதித்த நாடுகளும் வேகம், தொகை, அணுகும் எளிமை ஆகியவற்றுக்கு வேலி போடவே செய்கின்றன.

முடிவு

திறமையா, அதிர்ஷ்டமா என்னும் கேள்வி பல ஆண்டுகளாக இந்திய விவாதத்தை ஆண்டுவந்தது. அது ஆட்டத்தின் இயல்பைச் சொல்லுமேயன்றி, குடும்பத்துக்கு நேரும் சேதத்தைச் சொல்லாது. ஓர் ஆட்டத்தை அனுமதிக்கலாமா என்று தீர்மானிக்க, ஒரு நாளில் எத்தனை முறை ஆட முடியும், கடன் வாங்கி ஆட வழி உண்டா, இழப்புக்கு வரம்பு உண்டா, அந்த இழப்பால் யாருக்கு வருமானம் என்பவற்றையே கேட்க வேண்டும். வாரச் சீட்டும் நிமிட ஆட்டமும் இக்கேள்விகளுக்கு ஒரே விடையைத் தருவதில்லை. ஆகவே இரண்டுக்கும் ஒரே சட்டம் போதாது. தடையே தேவை என்று முடிவெடுத்தாலும், ஏற்கெனவே கடனில் சிக்கியவர்களுக்குச் சிகிச்சையும் கந்துவட்டியிலிருந்து பாதுகாப்பும் தராத தடை பாதி வேலையாகவே நிற்கும்.