கரிசல் நாட்டில் இளையோர்க்கு மறை பயிற்றிய முறை

கோவில்பட்டியை நடுவாகக் கொண்டு தென்பாண்டி நாட்டின் வடபகுதியில் பரந்து கிடப்பது கரிசல் நிலம். ஆற்றுப் பாசனம் இல்லாத இந்நிலத்து உழவர் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைப்பர். இவ்வூர்களில் வாழும் கிறித்தவக் குடிகள் தம் மக்கட்கு மறையறிவு புகட்டிய முறை யாது, அதனை நடத்தியோர் எத்தகையோர், இன்று இளையோர் குழுக்களை நடத்துவார்க்கு அஃது உணர்த்துவது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இம்முறையின் வேர் கரிசலுக்குக் கிழக்கே முத்துக்குளித்துறையில் உள்ளது. கி.பி. 1535-ஐ அடுத்த ஆண்டுகளில் பரதவர் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். ஆயின் அவர்க்கு மறைப்பொருள் கற்பிப்பார் அரியராயினர். 1542-இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார், தமிழறிந்தார் துணையால் மன்றாட்டுகளைத் தமிழாக்கிச் சிறுவரைக் கூட்டிப் பயிற்றினார். நோயுற்றோர் இல்லங்கள் அனைத்துக்கும் தாமே செல்ல இயலாமையின், பயின்ற சிறுவரை அனுப்பி மன்றாட்டுகளை ஓதச் செய்தார். எனவே, தமிழ்நாட்டில் மறைக்கல்வி இம்முறையில் தொடங்கியபோதே சிறுவர் கேட்போராக மட்டும் இராது பணி செய்வோராகவும் விளங்கினர் என்பது பெறப்படும்.

அடுத்து வந்தது நூல்வழிப் பயிற்சி. அண்டிரிக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்திலும், ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579-இல் கொச்சியிலும் அச்சேறின. பின்னது மார்க்கோசு சோர்சு என்னும் போர்த்துக்கேயர் சிறுவர்க்கென எழுதிய நூலைத் தழுவி, ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் வினாவிடையாக அமைந்தது. மனனத்திற்கு இவ்வமைப்பு பெரிதும் துணைசெய்யும். ஆயினும் ஒரு குறையும் இதன்கண் உண்டு. வினாவும் நூலுடையார் வகுத்ததே. விடையும் அவர் வகுத்ததே. கற்கும் சிறுவன் தன் உள்ளத்து எழுந்த ஐயத்தைக் கேட்க அங்கு இடமில்லை. வினாவுதலும் வினாயவற்றிற்கு விடையிறுத்தலும் கற்போர்க்கு இன்றியமையாதன என்பது நன்னூலார் கொள்கை. அக்கொள்கையோடு ஒட்டிப் பயிற்றும்போதே வினாவிடை நூல் உயிர்பெறும் என்க.

இனி, பயிற்றுவோர் தகுதியைக் காண்பாம். கோவில்பட்டிக்கு அணித்தாகிய காமநாயக்கன்பட்டி மதுரை மறைப்பணித் தளங்களுள் பழமையானது. வீரமாமுனிவர் (1680–1747) தமிழகம் வந்த தொடக்க ஆண்டுகளில் பணிபுரிந்த ஊர்களுள் இதுவும் ஒன்று. குருமார் சிலரே, ஊர்களோ பல. ஆகவே குருவானவர் வாராத நாள்களில் வழிபாடு நடத்தலும் சிறுவரைப் பயிற்றலும் வேதியர் கடனாயின. ‘வேதியர்’ என்னும் சொல் ஈண்டு அந்தணரைக் குறியாது, மறையுரைக்கும் பொதுநிலையினரைக் குறிக்கும். இவரை உபதேசியார் என்றும் வழங்குவர். இவர்க்கெனவே முனிவர் 1727-ஆம் ஆண்டளவில் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். நூற்பெயரே நம் கருத்தை ஈர்க்கின்றது. ‘வேதியர் கல்வி’ என்னாது ‘ஒழுக்கம்’ என்றமையால், கற்பிப்பான் வாழ்க்கையே முதற்பாடம் என்பது பெறப்படும். பிள்ளைகள் சொல்லை மறப்பர். சொன்னவன் நடந்துகொண்ட முறையை மறவார்.

சீர்திருத்தச் சபையாரும் இந்நிலத்தில் இதனையே கண்டனர். ராக்லாண்டு என்னும் ஆங்கிலக் குரு 1854 முதல் வடதிருநெல்வேலிக் கரிசல் ஊர்களில் கூடாரமிட்டுத் திரிந்து பணிசெய்து, 1858-இல் சிவகாசியில் மறைந்தார். தென்பகுதிச் சபைகளிலிருந்து முறைமாறி வந்த உபதேசியாரே அவர்க்குத் துணையாயினர். தளராது ஊரூராகச் சென்றமையே அப்பணியின் வலிமை.

ஓய்வுநாட் பள்ளியின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. இங்கிலாந்தின் குளோசுடர் நகரில் 1780-இல் இராபர்ட்டு இரைக்சு அதனைத் தொடங்கியது, வாரத்தின் ஆறு நாளும் தொழிலில் உழன்ற ஏழைச் சிறுவர்க்காகவே. குண்டூசித் தொழில் மிக்க நகர் அது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களிலும் இருபதாம் நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழில் பெருகியபோது சிறுவர் பலர் கூலி செய்தனர். பதினான்கு வயதுக்குட்பட்டோரை அத்தொழிலில் அமர்த்துதலை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. உழைத்துக் களைத்த பிள்ளைக்கு ஞாயிறும் மற்றொரு பாரமாயின் அவன் மறையை வெறுப்பான். பாட்டும் கதையும் ஆட்டமும் அவ்வகுப்பில் இடம்பெறல் வேண்டியது இதனாலேயே. அவை வெறும் பொழுதுபோக்கு அல்ல.

நிலத்தின் பருவமும் கருதற்பாலது. காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழா ஆகத்து 15-இல், விதைப்புக்கு முன்னர், நிலம் வறண்டு கிடக்கும் காலத்தில் நிகழ்கின்றது. கிறித்துப் பிறப்பு விழாவோ பயிர் நிற்கும் மார்கழியில் வருகின்றது. களையெடுப்பு மிக்க நாள்களில் இளையோர் கூட்டத்திற்கு வாராமை பற்றுக்குறைவு அன்று; உழவின் கட்டாயம். கூட்டத்தின் காலத்தை ஊரின் உழைப்பறிந்து அமைப்பவனே தக்க தலைவன்.

மழை பொய்க்கும் இந்நிலத்து இளையோர் பலர் படிப்புக்கும் பிழைப்புக்கும் திருப்பூர், கோவை, சென்னை முதலிய நகர்களுக்குச் செல்கின்றனர். அங்கே குழுவும் இராது, உபதேசியாரும் இரார். மனனம் செய்த விடை மட்டும் உடையான், எவரும் வகுத்துத் தாராத வினா எழும்போது திகைப்பான். ஐயத்தை அஞ்சாது கேட்கப் பழகியவனும், பிணியாளர் மனைக்குச் சென்று பணிசெய்யப் பழகியவனும் எளிதில் தளரான். சிறுவனைப் பணியில் ஈடுபடுத்தல், அவன் வினாவுக்கு இடமளித்தல், தன் ஒழுக்கத்தால் கற்பித்தல் என்னும் மூன்றும், வரலாற்றின்வழி யாம் கண்ட நெறிகளாம். இம்மூன்றும் ஒருங்கு அமைந்த குழுவில் வளர்ந்த இளைஞன், ஊரை விட்டு நெடுந்தொலைவு செல்லினும் தான் பெற்றதை உடன்கொண்டு செல்வான் எனலாம்.